அளவு ஜாக்கெட்டுக்குத் தேதி கிடையாது

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் நான்கு பேருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர் பையிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து நீட்டி, "இதே அளவுல தச்சிடுங்க" என்றால் வாங்காதீர்கள். முறைப்பார்கள். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவேன் என்பார்கள். போகட்டும். டேப்பை எடுங்கள், ஆளை நிறுத்தி அளவெடுங்கள், பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுங்கள்.

துணியை மடிக்கவும் வெட்டவும் கொக்கி வைக்கவும் இங்கே இருக்கிற மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அது எனக்குக் கவலையில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை யாரும் அசைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நானே அசைந்திருக்கிறேன். எந்த மாதம், எந்த வாரம் என்று என் நோட்டுகளில் இருக்கிறது.

2004இல் சிதம்பரம் மேல வீதிக்குப் பக்கத்தில் இந்தக் கடையைப் போடுவதற்கு முன்னால், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் வேலை பார்த்தேன். அங்கிருந்த கட்டிங் மாஸ்டர் கையில் கத்தரிக்கோல் தண்ணீரில் மீன் போகிற மாதிரி போகும். அவர் விதி ஒன்றுதான். "பொம்பளைங்ககிட்ட அளவு கேக்காத. ஜாக்கெட்டக் கேளு. அது பொய் சொல்லாது." அவர் ஆண். பெண்கள் உடம்பில் டேப்பை வைக்க முடியாது. அந்தச் சங்கடத்துக்குக் கண்டுபிடித்த வழிதான் அளவு ஜாக்கெட். அவருக்கு அது நியாயம். நான் பெண். கடை என்னுடையது. வாசலில் திரை போட்டு உள்ளே நிறுத்தி அளவெடுக்க எனக்கு எந்தத் தடையும் இல்லை. இருந்தும் அவர் விதியை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்தேன். வழக்கம் என்பது அப்படித்தான். காரணம் செத்த பிறகும் நடமாடும்.

கடை திறந்த வருஷமே அடி விழுந்தது. பெண்ணாடத்திலிருந்து ஒரு அம்மா மகளுக்கு நிச்சயதார்த்த ஜாக்கெட் தைக்க வந்தார். மகளை அழைத்து வரவில்லை. ஒரு ரோஸ் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். இஞ்சு பிசகாமல் தைத்தேன். நிச்சயத்தன்று அந்தப் பெண் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பூ வைக்கக் குனியச் சொன்னபோது முதுகில் கொக்கி தெறித்தது. விசாரித்தால், அந்த ரோஸ் ஜாக்கெட் அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் தைத்தது. அம்மாவுக்குத் தெரியும். "நிச்சயத்துக்குள்ள எளச்சிடுவான்னு நெனச்சேன்" என்றார். ஜாக்கெட் பொய் சொல்லாது என்றார் மாஸ்டர். சொல்லும். எப்போது சொன்ன உண்மை என்பதை மறைத்துவிடும்.

அன்றிலிருந்து அளவு நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் தேதி போட ஆரம்பித்தேன். உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கை லூஸ் என்கிற கைச்சுற்று, தேதி. ஒரு பெண்ணுக்கு ஆறு தேதிகளில் ஆறு உடம்பு இருப்பதை அந்த நோட்டில் பார்க்கலாம். பிரசவம், காமாலை, மகன் துபாய்க்குப் போன துக்கம், எல்லாம் அரை இஞ்சு கால் இஞ்சாக அதில் எழுதியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். பத்திரிகைகளில் பெண்களின் உடம்பைப் பேரிக்காய், ஆப்பிள் என்று பிரித்து, இந்தப் பழம் இதை உடுத்தலாம், அந்தப் பழம் அதை உடுத்தக் கூடாது என்று வரும். எனக்கு வருகிற கோபம் கொஞ்சமல்ல. கம்மாபுரத்திலிருந்து வருகிறவள் பேரிக்காயைக் கண்ணால் பார்த்திருப்பாளா என்பது இருக்கட்டும். அவள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பாளா, குனிந்து நாற்று நடுவாளா, நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பாளா என்று அந்தப் பக்கங்கள் கேட்பதே இல்லை. ஓர் ஆடையில் எந்த இடம் இறுக்கிப் பிடிக்கவேண்டும், எந்த இடம் மெத்தென்று விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதைப் பழம் தீர்மானிக்காது. அவள் கை என்ன செய்கிறதோ அது தீர்மானிக்கும். இதை எனக்குக் காட்டியவர் ஒரு கணக்கு டீச்சர். பெயரைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்தார். ஆனாலும் சொல்லப்போவதில்லை.

2009 மே, இரண்டாவது வாரம். நோட்டில் அந்தப் பக்கத்தில் அளவே இல்லை. அளவு ஜாக்கெட் என்பதற்கு 'அ.ஜா.' என்று மட்டும் என் கையெழுத்தில் இருக்கிறது. பள்ளித் திறப்பு, வைகாசி முகூர்த்தம் இரண்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிற சமயம். டீச்சரின் நாத்தனார் ஆறு துணிகளோடும் ஒரு நீல ஜாக்கெட்டோடும் வந்தாள்.

"அவுங்க வர முடியாதுங்க. ஒடம்பு சரியில்ல. இத வச்சு தச்சிடுங்க."

"ஒரு நிமிஷம் வந்து நின்னா போதும்மா. அவுங்க அளவு எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது."

"ஏன், ஜாக்கெட்டப் பாத்து ஒங்களுக்குத் தைக்கத் தெரியாதா? வீதி ஃபுல்லா டெய்லர் கடதான் இருக்குது."

பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆறும் கொடுத்த ஐந்தாம் நாள் திரும்பி வந்தன. நாத்தனார் மேசைமேல் கொட்டினாள். "என்னத்த தச்சிருக்கீங்க? அண்ணி போட்டுப் பாத்துட்டு கட்டில்ல வீசிட்டாங்க. சோறு கூடத் திங்கல."

எனக்கும் சூடு ஏறியது. நீல ஜாக்கெட்டை விரித்து, அதன்மேல் புதியதை விரித்து, கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் டேப்பை வைத்தேன். "பாரு. ஒரு நூலு மாறியிருந்தா சொல்லு, ஆறு துணிக்கும் நானே வேற துணி வாங்கித் தர்றேன்." மாறவில்லை. நான் ஜெயித்தேன். இந்தத் தொழிலில் நான் வெட்கப்படுகிற வெற்றி அது ஒன்றுதான்.

மறுநாள் உச்சி வெயிலில் டீச்சரே வந்தார். புடவைத் தலைப்பை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தியிருந்தார். "தெரையப் போடும்மா" என்றார். உள்ளே போனதும் தலைப்பை எடுத்தார்.

வலப்பக்கம் தட்டையாக இருந்தது. கக்கம் வரைக்கும் ஒரு தழும்பு ஓடியது. வலது கை முழங்கைக்கு மேலே வீங்கியிருந்தது.

"தை மாசம் ஆபரேஷன். பாண்டில பண்ணாங்க. கட்டி வேற எங்கயும் பரவலன்னுட்டாங்க" என்றார், வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில். "ஒங்க மேல தப்பில்ல. பழைய ஜாக்கெட்டுக்குச் சரியாத்தான் தச்சிருக்கீங்க. நாந்தான் பழைய ஆளு இல்ல."

நான் நேற்று டேப்பை வைத்து ஜெயித்ததை அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

பிறகு விஷயத்தைச் சொன்னார். கீரப்பாளையம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு. ஜூனில் பள்ளி திறக்கிறது. "நான் வேலைய விடறதுக்கு வீட்டுக்காரரு வி.ஆர்.எஸ். லெட்டர் டைப் பண்ணி வச்சிருக்காரு. கையெழுத்துதான் பாக்கி. அவரு கெட்டவரு இல்ல, பயப்படுறாரு. போர்டு முன்னாடி நின்னு என்னால எழுத முடியும்னு எனக்கே தெரிஞ்சாத்தான் அதக் கிழிப்பேன். இல்லன்னா போட்டுடுவேன்."

எழுதுகிற கை வலது கை. இழந்ததும் அந்தப் பக்கம். புடவைத் தலைப்பு இடது தோளில் விழுவதால் உலகத்தின் கண்ணுக்குத் திறந்திருப்பதும் அந்தப் பக்கமே. பள்ளி திறக்க இன்னும் பதினெட்டு நாள்.

அன்றைக்கு எடுத்த அளவில் முதல் தடவையாக வலம், இடம் என்று இரண்டு பத்தி போட்டேன். வலது கை லூஸ் இடதைவிட ஒன்றரை இஞ்சு ஜாஸ்தி.

முதலில் பஞ்சு வைத்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு வந்து நின்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துணியில் கோடு போடுகிற சாக்கைக் கையில் கொடுத்து, "சுவத்துல எழுதுங்க டீச்சர்" என்றேன்.

"என்ன எழுத?"

"போர்டுல எழுதறத எழுதுங்க."

வீங்கிய கையை மெதுவாக உயர்த்தி ஏதோ சூத்திரம் எழுத ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் பஞ்சு கழுத்தெலும்புக்கு வந்துவிட்டது. குனிந்து பார்த்தார். "என்னாம்மா இது, வெலவாசி மாதிரி ஏறிக்கிட்டே போவுது!" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து, கடலூரிலிருந்து ரெடிமேட் கப் வாங்கி வந்து வைத்தேன். அது ஏறவில்லை. நட்ட கல் மாதிரி நின்றது. இடப்பக்கம் மூச்சுக்கு மூச்சு அசைய, வலப்பக்கம் அசையவே இல்லை. விளிம்பு தழும்பில் குத்தியது. "இந்தப் பக்கம் பரீட்ச ஹால்ல ஒக்காந்த புள்ள மாதிரி வெறச்சிக்கிட்டிருக்கு" என்றார். பஞ்சுக்குக் கனம் இல்லை, கப்புக்கு இளக்கம் இல்லை. கனமும் வேண்டும், இளக்கமும் வேண்டும்.

எதிர் மளிகைக் கடைக்குப் போய்க் கடுகைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாக்கா, ஊறுகா போடப் போறியா? கடுகக் கையில வச்சே ரேட் கண்டுபுடிப்ப போல?" என்றான் கடைப் பையன்.

"நீ பேசாம ஒரு பொட்டலம் கட்டு."

"மொளகாப் பொடி வேணாமா? ஊறுகான்னா மொளகாப் பொடி வேணுங்க்கா!"

பழைய மல் துணியில் ஒரு பை தைத்தேன். எவ்வளவு கனம் என்று நான் எப்படிச் சொல்வது? டீச்சரின் உள்ளங்கையில் பையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுகு போட்டேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஐயோ ஜாஸ்தி, எடுங்க... ம். இதான்." சொல்லிவிட்டு விரல்களை மடக்கிச் சற்று நேரம் வைத்திருந்தார். நான் நூல்கண்டைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஜாக்கெட்டின் உள்ளே அந்தப் பைக்கு ஓர் அறை, மூட ஒரு பிரஸ் பட்டன். பை இறங்காமல் தாங்கக் கீழே அகலப் பட்டி. கை தூக்கும்போது ஜாக்கெட் கூடவே ஏறாமலிருக்க, கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு. தையல் விளிம்புகள் தழும்பில் படாதபடி எல்லாவற்றையும் வெளிப்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய பைப்பிங் வைத்து மூடினேன். ஆறும் முடிந்தன. பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது.

டீச்சரும் நாத்தனாரும் சேர்ந்து வந்தார்கள். டீச்சர் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்ததும் நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி! பழைய மாதிரியே இருக்கீங்க! யாருக்கும் தெரியவே தெரியாது." நான் பெருமையில் மிதந்தேன். டீச்சர் சாக்கை எடுத்துச் சுவரில் எழுதினார். ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி. பை நகரவில்லை.

அவர் எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, பட்டனைப் பிரித்து, பையை எடுத்து என் வெட்டு மேசையில் வைத்தார்.

"என்னா டீச்சர், குத்துதா?"

"குத்தல. நல்லாத்தான் இருக்கு. மூணாவது வரில தப்பு பாத்தீங்களா?"

எனக்கு என்ன தெரியும்? அவர் உள்ளங்கையால் அழித்துத் திருத்தினார். "பத்தாவது புள்ள கூடப் பண்ணாத தப்பு. இது நகருதா, நகருதான்னே நெனச்சுக்கிட்டு எழுதினேன். இத நெனச்சா கணக்க யாரு நெனைக்கிறது? ரெண்டு ஜாக்கெட் இப்படியே இருக்கட்டும், கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கறேன். மத்த நாலும் கிளாஸுக்கு. அதுக்குப் பை வேணாம்."

"அண்ணி, ஊரு என்ன சொல்லும்?" என்றாள் நாத்தனார்.

"ஊருக்கு ஜாக்கெட் தைக்கல."

நான் எங்கே நின்றேன் என்று நேர்மையாகச் சொல்லவேண்டும். நாத்தனார் பக்கம் நின்றேன். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை மேசைமேல் கிடக்கிறது. "டீச்சர், பசங்க பாப்பாங்க. பத்தாவது பசங்க வேற."

"பாக்கட்டும். ஒரு நாள் பாப்பாங்க. ரெண்டாவது நாளும் பாப்பாங்க. மூணாவது நாளு டெஸ்ட் வச்சிடுவேன்."

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். 'பையை எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று அந்த நான்கையும் அப்படியே கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் பைக்காக வெட்டிய துணி, பை இல்லாவிட்டால் காலியாகத் தொங்கும். தொங்குகிற துணி பார்க்கிறவர்களிடம் 'இங்கே ஏதோ இருந்தது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதே இடத்தில் துணி உடம்போடு படிந்து நின்றால், 'இவ்வளவுதான், மேலே பாடத்தைப் பார்' என்று சொல்லும். எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி கொடுப்பது தொழில் அல்ல.

நான்கையும் பிரித்தேன். வலது முன்பக்கத்தை, மார்புக்குக் குழிவு கொடுக்கிற டார்ட் மடிப்பு இல்லாமல், நெஞ்சின் மேல் கோடு போட்ட மாதிரி நேராக வெட்டினேன். அடியில் மிருதுவான மல் லைனிங். இடப்பக்கத்துக்கு வழக்கம்போல் டார்ட். இரண்டையும் ஒரே பட்டி பிடித்து நிறுத்தியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதைத்தான் அதுவரைக்கும் சமம் என்று நினைத்திருந்தேன். வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடை டெய்லர் நூல் கேட்டு வந்தவர் மேசையைப் பார்த்தார்.

"என்னாம்மா, ஒரு பக்கம் டார்ட்ட மறந்துட்டியா?"

"மறக்கல."

"கோணலா தொங்கும்."

"ஆளப் பாத்தியா நீ? நான் பாத்தேன். நூல எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

அந்த மூன்று நாளில் ஒரு கல்யாண வீட்டு வேலையைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு இந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை. மிதிக்கவேண்டாம்.

திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்றதைவிடச் சுவர் முன்னால் நின்றதுதான் அதிக நேரம். எழுதினார், அழித்தார், எழுதினார். கடைசியில் சாக்கைத் தட்டில் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். பாடம் முடித்த டீச்சர் எப்படித் தட்டிக்கொள்வாரோ அப்படி. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து நாத்தனார் தனியாக வந்தாள். புகார் சொல்வது போலத்தான் ஆரம்பித்தாள். "அண்ணி அந்த லெட்டர நாலாக் கிழிச்சி எங்கண்ணன் சாப்புடுற தட்டுக்குப் பக்கத்துல வச்சிட்டாங்க. அவரு அதத் தள்ளி வச்சிட்டு சாம்பார ஊத்திக்கிறாரு. மூணாவது நாளு நெசமாவே டெஸ்ட் வச்சிட்டாங்களாம். பாதிப் பேரு ஃபெயிலு." பையிலிருந்து இரண்டு துணிகளை எடுத்தாள். அளவு ஜாக்கெட்டுக்காக நான் காத்திருந்தேன். அவள் திரையைப் பார்த்தாள். "எனக்கு அளவு எடுங்க. பழசு எதும் கொண்டாரல."

டீச்சர் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து அளவு கொடுத்தார். வலது கை லூஸ் 2010இல் அரை இஞ்சு குறைந்தது, 2011இல் இன்னும் கால். 2012 தை மாதம் வந்தபோது கைப்பையிலிருந்து அந்த மல் பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கல்யாணத்துக்கும் போடறதில்ல. வீட்ல சும்மா கெடக்குது. தாளிச்சிடலாம்னு பாத்தேன், மனசு வரல. நீங்களே வச்சுக்கங்க."

வெட்டும்போது துணி நகராமலிருக்க நீங்கள் மேசையில் வைக்கிறீர்களே, அந்த வெள்ளைப் பை அதுதான். மேல் துணியை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். உள்ளே இருப்பதைத் தொடவில்லை. போன வாரம் உங்களில் ஒருத்தி அதைத் தூக்கி, "இதுல என்னாக்கா, மணலா?" என்று கேட்டாள்.

மணல் இல்லை, கடுகு. ஒரு பெண் தன் உள்ளங்கையில் வைத்து, போதும் என்று சொன்ன அளவு. நாளைக்கு யாராவது பழைய ஜாக்கெட்டை நீட்டிக்கொண்டு, பின்னால் மூன்று பேர் நின்று அவசரப்படுத்தினால், அந்தப் பையை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள். பிறகு திரையைப் போட்டுவிட்டு டேப்பை எடுங்கள்.